விளக்கணைத்த வீடு

பொய் சொல்வதற்கும் சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது கிடையாது. அதனால்தான் செத்துப்போன மனிதரைத் துணைக்கு இழுத்தேன்.

ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஹன்னா. உக்ரைன்காரர். போர் முடிந்து, திரும்பிப் போக ஊரில்லாமல், 1949இல் கப்பலில் வந்து இறங்கியவர். தையல் தொழிற்சாலையில் உழைத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். படுக்கையில் விழுந்த கணவர் பெத்ரோவைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டார். அவர்கள் ஆட்களில் யார் வீட்டில் சாவு என்றாலும் வந்தவர்களுக்கெல்லாம் ரொட்டி சுட்டுக் கொடுப்பது அவர்தான். எங்கள் ஊர் ஈப்போவிலிருந்து நாங்கள் குடிவந்த அன்று, பெட்டியைப் பிரிக்கும் முன்பே சூப் பானையோடு வாசலில் நின்றார். நான் ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் வேலை பார்த்த நாலு வருஷமும் என் மகள் ஷாமினியைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்ததும் அவர்தான். கிட்டத்தட்ட எண்பது வயதில்!

அவர் பிள்ளைகள் மூவரும் ஆஸ்திரேலியாவில். அதனால் ஜனவரி ஆறாம் தேதி, அவர்களுடைய கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, விருந்துக்கு நாங்கள்தான் போவோம். பன்னிரண்டு பதார்த்தம், ஒன்றிலும் இறைச்சி கிடையாது. முதல் நட்சத்திரத்தைப் பார்த்த பிறகுதான் சாப்பிட வேண்டும். ஆக்லாந்து கோடையில் அதற்கு ஒன்பது மணியாகும். அதுவரை பசியோடு கப்பல் கதை கேட்க வேண்டும்.

1996இல் எனக்குப் பொறுமை இல்லை. அவ்வளவுதான் காரணம்.

அந்த வாரம் ஊர்ப்பக்கம், தைப்பிங்கில், என் கணவர் தேவனின் பெரியப்பா முனியாண்டி இறந்திருந்தார். வசதியாகப் போயிற்று.

"தீட்டுன்னு சொல்லிடுறேங்க. விசேஷ வீட்டுக்குப் போகக்கூடாதுல்ல."

"மூணாம் நாளே பாபடோயிட்டோய் கடைத்தெருவுக்குப் போயி மீன் வாங்கிட்டு வந்தியே, அப்ப எங்க போச்சு தீட்டு?"

"நீங்க சும்மா இருங்க லா."

ஹன்னாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியானால் கட்டாயம் வர வேண்டும், வேதவள்ளி. எங்கள் மேசையில் இறந்தவருக்கும் ஒரு தட்டு உண்டு."

வசமாக மாட்டிக்கொண்டேன். அன்று மாலை பாபடோயிட்டோயில் பெரியப்பாவுக்காகப் பூஜை இருக்கிறது, போயே ஆக வேண்டும் என்று அடுத்த பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

வெளியே போகிறோம் என்று சொன்ன பிறகு வீட்டில் விளக்கு எரியலாமா? காரை கராஜில் மறைத்து, திரைச்சீலையை இழுத்து, மூன்று பேரும் திருடர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஷாமினி, "வொய் ஆர் வீ ஹைடிங்?" என்று கேட்டாள். அவள் வாயைப் பொத்தினேன். திரைச்சீலை இடுக்கில் பார்த்தால், ஹன்னா நல்ல உடை உடுத்தித் தோட்டத்தில் தனியாக நின்று நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை மூடிய தட்டோடு வந்தார். தேனும் கசகசாவும் கலந்த கோதுமைச் சாதம்.

"உங்கள் பெரியப்பாவுக்கு வைத்தது. அவருக்கு வைத்ததைக் குடும்பம் சாப்பிட வேண்டும்." தட்டை என் கையில் கொடுத்தார். "நேற்று நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். ஷாமினி தும்மியது கேட்டது."

நான் தட்டின் மூடியைச் சரிசெய்தேன்.

"வெளியே போக மனசு வரவில்லை, இல்லையா? பெத்ரோ போனபோது நானும் இப்படித்தான் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாம்" என்றேன். அது மூன்றாவது பொய். அந்தச் சாதத்தை நான் தொடவில்லை.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. ஏப்ரல் மாதம் தூக்கத்திலேயே ஹன்னா போய்விட்டார். தேவாலயக் கூடத்தில் எல்லோருக்கும் கடையில் வாங்கிய ரொட்டியைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

அந்த வாரக் கடைசியில் சித்திரை வருஷப் பிறப்பு விருந்து. தேவன் வேட்டி கட்டித் தயாராக நின்றார்.

"கிளம்பலையா?"

"எனக்குத் தீட்டு."

"நம்ம வீட்டுல யாரு செத்தா?"

நான் பக்கத்து வீட்டைப் பார்த்தேன்.

"அவங்க நமக்குச் சொந்தமா?"

"இல்லைங்க. ஆனா பதினாறு நாளைக்கு நான் எங்கயும் வரல. மீனும் வேணாம்."

அவர் ஷாமினியைக் கூட்டிக்கொண்டு போனார். இருட்டியது. நான் எழுந்து விளக்கைப் போடவில்லை. ஹன்னா அன்று நினைத்த அதே காரணத்துக்காக உட்கார்ந்திருந்தேன்.