வியாழக்கிழமைத் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்கு எண்ணெய் நிரப்பும் செற்றில், வரிசையில் நின்றபோது கிடைத்தது. ஒளிக்க ஒன்றுமில்லை, பிள்ளையள். உரும்பிராயில் மண்ணெண்ணெய் இல்லை. ஹோர்முஸ் நீரிணைக்கு வெளியே கப்பல்கள் காத்து நிற்கின்றன என்றது வானொலி.

"குழாயிலை அனுப்பலாம் தானே?" என்றார் முன்னால் நின்றவர்.

"குழாய் வாற வழியிலையும் சண்டையாம்" என்றார் பின்னால் நின்றவர்.

வெறும் எண்ணெய்க் கானோடு வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன்.

'கப்பலின் மேல்தட்டில் நின்ற கப்டன், தொலைவில் ஒரு போர்க்கப்பலின்

(விட்டுவிட்டேன். அந்தக் கப்டன் காலையில் என்ன சாப்பிடுவார் என்றுகூட எனக்குத் தெரியாது. சாப்பாடு தெரியாத ஆளை நான் எழுதுவதில்லை.)

2

அருந்ததியைத் தெரியும். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய தோட்டம். வெங்காயம் நட்டு நாற்பது நாள். அவளும் பக்கத்துத் தோட்டக்காரர் கதிரவேலுவும் ஒரே பங்குக் கிணற்றில்* இறைக்கிறவர்கள். வியாழக்கிழமை யாருக்குச் சொந்தம் என்று மூன்று வருடமாக வழக்கு. தீர்ப்பு வரும்வரை அது அவளுடைய நாள்.

இந்த வியாழன் அவளிடம் நாள் இருந்தது, தண்ணீர் இறைக்கிற மெஷினுக்கு எண்ணெய் இல்லை. கதிரவேலுவிடம் ஒரு கான் எண்ணெய் இருந்தது.

*பலருக்குப் பொதுவான கிணறு. கிழமையில் ஒரு நாள் ஒருவருக்கு. தவறவிட்டால் அடுத்த கிழமைதான்.

3

"என்ன தங்கச்சி, உன்ரை நாள் சும்மா போகுது போல?" என்றார் கதிரவேலு.

"இறைச்சாலும் இறைக்காட்டிலும் அது என்ரை நாள்தான்."

"ஓம் ஓம், அதை வெங்காயத்துக்கும் சொல்லு."

வெங்காயத் தாள்கள் நுனி கருகிச் சாய்ந்திருந்தன. அவள் குனிந்து ஒரு தாளை நிமிர்த்திப் பார்த்தாள்.

"என்ரை மெஷினைக் கிணத்திலை பூட்டுவம். முதல் உன்ரை பாத்தி. மிச்சம் என்ரை மிளகாய்க்கு."

"பிறகு உங்கடை அப்புக்காத்து கோட்டிலை வழக்குப் பேசேக்கை என்ன சொல்லுவார், அண்ணை? வியாழனும் கதிரவேலுதான் இறைச்சவர் எண்டு சொல்லமாட்டாரே?"

"அதைச் சொல்லாட்டி அவர் என்ன அப்புக்காத்து?"

"அப்ப வியாழன் என்ரை நாள் எண்டு கடுதாசி எழுதித் தாங்கோ."

"எழுதலாம். ரண்டு அப்புக்காத்துமாரும் பாத்து முடிக்க ஆவணி பிறந்திடும்."

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: சம்மதிக்கிறாள். வெங்காயம் பிழைக்கிறது, வியாழக்கிழமை கைவிட்டுப் போகிறது.

இரண்டு: மறுக்கிறாள். வியாழக்கிழமை நிற்கிறது, வெங்காயம்

(இதையும் முடிக்க மனம் வரவில்லை.)

மூன்றாவதாக ஒரு மழையை இறக்கினேன். ஆடியில் உரும்பிராயில் மழையா என்று நானே வெட்டிவிட்டேன்.

நீரிணையையும் கிணற்றையும் ஒப்பிட்டு ஒரு பந்தியும் எழுதினேன். அழகாகத்தான் வந்தது. அதனால் அருந்ததிக்கு ஒரு வாளித் தண்ணீர்கூட வராது. அதுவும் போயிற்று.

5

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அருந்ததி பதில் சொன்னாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் மூவரைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை.

நேற்றுக் கதிரவேலு எங்கள் வேலிப் படலையில் வந்து நின்றார்.

"அக்கா, எங்கடை கிணத்தைப் பற்றி எழுதுறியளாம். ஒரு பிரதி தாங்கோ. அப்புக்காத்து கேட்டவர்."

"கதை இன்னும் முடியேல்லை" என்று அனுப்பிவிட்டேன்.

ஆகவே, பிள்ளையள், அவளுடைய பதில் இந்தத் தாளில் வராது. கருகிய பாத்தியில் நீங்களே அவளாக நின்று சொல்லிப் பாருங்கள். சத்தமாகச் சொன்னாலும் பரவாயில்லை. எழுதி மட்டும் வைத்துவிடாதீர்கள்.