வலமாகவே நடந்தோம்

காத்மாண்டுவிலுள்ள பௌத்தா ஸ்தூபியை யாரும் இடமாகச் சுற்ற மாட்டார்கள். ஸ்தூபி எப்போதும் நம் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். எங்கள் தமாங் ஆட்களுக்கு இதை ஒருத்தர் சொல்லித்தர வேண்டியதில்லை. இடுப்பில் இருக்கிற வயசிலேயே அம்மாவோடு சுற்றிப் பழகிவிடுவோம். வெளிநாட்டுக்காரர்கள்தான் தெரியாமல் எதிரே வந்து முட்டிக்கொள்வார்கள். அவர்களைத் திருப்பி விடுவது பீர்மான் தாஜுவுக்குப் பாதி வேலை.

பீர்மான் தாஜு என் கணவரின் அண்ணன். அண்ணனை நாங்கள் தாஜு என்போம், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் காத்மாண்டுவில் சுற்றுலா கைடு. கழுத்தில் அட்டை, தலையில் டோபி, கையில் மடக்குக் குடை. மழை இருக்கோ இல்லையோ குடை இருக்கும், கூட்டத்துக்கு வழி காட்ட.

அன்றைக்குக் காலையிலேயே என் மகள் யாங்ஜியை முன்னால் நிறுத்தி வைத்து அவர் பாடம் எடுத்துவிட்டார். அவளுக்கு அப்போது ஆறு வயசு.

"இன்னிக்கு ரொம்பக் கூட்டமா இருக்கும். அம்மா கையை விட்டுட்டேன்னு வை, என்ன பண்ணுவே?"

"அழுவேன்."

"அழக்கூடாது. நிக்கவும் கூடாது, நின்னா மிதிச்சிடுவாங்க. திரும்பி வரவும் கூடாது, அது பாவம். எல்லாரும் போற பக்கமே நடந்துக்கிட்டே இரு. இது வட்டம்தானே, எங்க தொலைஞ்சு போவே? பெரியப்பா வந்து பிடிச்சுக்கறேன். சரியா?"

சரி என்று தலையாட்டினாள். வாயில் சுர்பி. யாக் பாலில் செய்கிற கல் மாதிரியான பாலாடைக்கட்டி அது. ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கினால் அரை நாள் ஓடும். நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். "தெரியாதவங்க பேர் கேட்டா சொல்லாதே. யார் கூப்பிட்டாலும் போகாதே." எந்தத் தாயும் சொல்கிற பேச்சுதான்.

அது சைத்ர மாதத்துப் பௌர்ணமி. அந்த வருஷம் யார் வீட்டில் சாவு விழுந்ததோ அவர்கள் எல்லாரும் பௌத்தாவுக்கு வந்து விளக்கேற்றுவார்கள். எங்கள் வீட்டில் விழுந்தது என் கணவர் தில்மான். மலேசியாவில் கம்பெனி அறையில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. பெட்டியில் வந்தார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவள் யாங்ஜி. அவளைக் கடைசியாக அவர் பார்த்தது கைக்குழந்தையாக. எனக்கு மிஞ்சியது அவள் ஒருத்திதான். இதை நான் பெரிதாக எழுதத் தேவையில்லை, படிக்கிறவர்களுக்கே புரியும்.

பௌத்தாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை எனக்கு. தினமும் பார்க்கிற இடம்தான். ஆனால் அன்றைக்குப் போல் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்களின் மலைநாடான தெமாலிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனங்கள். டம்பு மேளம், பாட்டு, அழுகை, சிரிப்பு, எல்லாம் ஒரே நேரத்தில். மதியத்துக்கு மேல் நடக்கவே வேண்டாம், கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போகும்.

விளக்கு வைக்க இடம் கிடைக்கக் காத்திருந்தோம். ஒரு கையில் தில்மானின் படம், ஒரு கையில் நெய்க் கிண்ணங்கள். யாங்ஜியை என் சால்வை முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். டம்பு அடித்துக்கொண்டு ஒரு கும்பல் ஆடியபடி எங்களுக்கு நடுவே புகுந்தது. சால்வை இழுபட்டது. இருக்கிறாள் என்று தைரியமாக இருந்துவிட்டேன். கும்பல் போன பிறகு குனிந்து பார்த்தால், சால்வையைப் பிடித்துக்கொண்டிருந்தது வேறு யாரோ பெற்ற பிள்ளை. அதுவும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதது.

அந்தப் பிள்ளையின் அம்மா ஓடிவந்து அதை வாரிக்கொண்டாள். என் பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து சேர்க்க ஒருத்தரும் வரவில்லை.

"பதறாதே புஹாரி," என்றார் தாஜு. தம்பி மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார். "அவ சமத்து. சொன்னபடி நடந்துக்கிட்டிருப்பா. நீ இங்கயே நில்லு, நான் ஒரு சுத்து போய்ட்டு வரேன்."

போனார். நான் நின்றேன். நிற்பது என்று பேர்தான், கூட்டம் என்னைச் சுவரோடு சுவராக ஒட்ட வைத்திருந்தது. எனக்கு முன்னால் பத்துப் பேர் அடர்த்தியில் ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பெரியவர்களின் தோள்கள். அவள் உயரம் அவர்கள் இடுப்புக்குக் கூட வராது. அந்தப் பக்கம் பிரார்த்தனை உருளைகளை ஒட்டிப் போனால் நான் எப்படிப் பார்ப்பேன்?

தாஜு வெறுங்கையோடு வந்தார். குடை வளைந்திருந்தது.

"நீங்க நில்லுங்க, நான் போறேன்" என்று கிண்ணங்களைச் சுவரோரம் வைத்து, படத்தை அவரிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் விழுந்தேன். யாங்ஜி, யாங்ஜி என்று கத்திக்கொண்டே நடந்தேன். மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேகமாகப் போகலாம் என்றால் முன்னால் இருப்பவர்கள் விட்டால்தானே. முழு வட்டமும் சுற்றி வந்தேன். இல்லை. மறுபடியும் சுற்றினேன். இல்லை.

பிரதான வாசலில் போலீஸ்காரர் இருந்தார். வெளியே ரோட்டில் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"சிவப்பு ஸ்வெட்டர், ஆறு வயசுப் பொண்ணு. வெளிய போனாளா சார்?"

"தீதி, இங்க பாதிப் பேர் சிவப்புதான் போட்டிருக்காங்க. நான் யாரைன்னு பார்ப்பேன்?" அக்கா என்று கூப்பிட்டவர் அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "மைக்ல சொல்லச் சொல்றேன். பேர் என்ன?"

மைக்கில் சொன்னார்கள். யாங்ஜி தமாங், எங்கே இருந்தாலும் வாசலுக்கு வரவும், அம்மா காத்திருக்கிறார் என்று மூன்று தடவை. யார் கூப்பிட்டாலும் போகாதே என்று சொல்லி அனுப்பியவளே நான்தானே. அவள் ஒரு சொல் தட்டாத பெண். அதுவரைக்கும் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெயில் இறங்கி, ஸ்தூபி உச்சியில் வரைந்திருக்கிற கண்களுக்கு மேலே மட்டும் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது. ஸ்தூபியைச் சுற்றி எத்தனை சந்துகள் என்று அன்றைக்குத்தான் எண்ணம் போயிற்று. ஒவ்வொரு சந்தும் ஒவ்வொரு தெருவில் கொண்டு விடும். ஒவ்வொரு தெருவிலும் ஆட்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தேன், அதையே நினைத்தேன்.

புறாக்களுக்குச் சோளம் விற்கிற பெண் ஒருத்தி வழக்கமான மூலையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முகப்பழக்கம். அவளிடம் அடையாளம் சொன்னேன்.

"ஒரு கன்னம் வீங்கின மாதிரி இருக்குமா? பல்வலியா?"

"சுர்பி! சுர்பி அடக்கியிருக்கா!"

"அட, அதுவா! அது ரெண்டு மூணு தடவை இந்தப் பக்கம் போயாச்சே. இத்தனை சின்ன வயசுல என்ன பக்தின்னு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்."

"எப்போ போனா? எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமா?" அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "எல்லாரும் போற பக்கம்தான்!"

நான் அப்படியே நின்றேன். பின்னால் வந்தவர்கள் என் மேல் இடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். யாங்ஜி நடக்கிறாள். நானும் நடக்கிறேன். தாஜுவும் நடந்தார். கூட்டம் எல்லாரையும் ஒரே வேகத்தில் இழுத்துப் போகிறது. அவள் எனக்குப் பத்தடி முன்னால் இருந்தாலும் நான் பிடிக்க மாட்டேன். கூட்டத்தோடு நடக்கிறவளுக்கு முதுகுதான் தெரியும். நான் பார்த்ததெல்லாம் முதுகு. ஒரு முகத்தைக் கூட நான் பார்க்கவில்லை.

தாஜுவிடம் வந்து சொன்னேன். "நான் எதிரே போகப் போறேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது.

"என்ன பேச்சு பேசுறே? இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

"தம்பிக்கு விளக்கு வைக்கிற நாள் புஹாரி. இந்த ஒரு ராத்திரிதான் அவனுக்கு வெளிச்சம். நீ இடமாச் சுத்தினா அவன் இருட்டுல எந்தப் பக்கம் போவான்? பாஷை தெரியாத ஊர்ல செத்தவன். அங்கேர்ந்து பெட்டியில அடைச்சு வந்தவன். போற வழியையாவது அவனுக்குக் கெடுக்காதே." படத்தை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் பொறு. நான் இன்னொரு சுத்து போறேன். பிடி, நான் போறேன்."

"எத்தனை சுத்து போவீங்க? ராத்திரி முழுக்கச் சுத்துவீங்களா? அவ கால் வலிச்சு ஏதாவது சந்துல உக்காந்துட்டா?"

"ஊர் என்ன சொல்லும்? நான் இருபது வருஷமா இங்க நிக்கிறேன். வெள்ளைக்காரனையே திருப்பி விடுறவன். என் வீட்டுப் பொண்ணே..."

"தாஜு," என்றேன், "போனவருக்கு வழி காட்ட லாமா இருக்காரு, இத்தனை விளக்கு இருக்கு. அவளுக்கு யார் இருக்கா?"

அவர் தம்பியின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தேன். மன்னிச்சுக்கோங்க, வேணும்னா எனக்குத் தண்டனை கொடுங்க, அவளை விட்டுடுங்க என்று மனசுக்குள் சொன்னேன். ஸ்தூபியை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஆற்றுக்கு எதிராக நீந்துவது போல் இருந்தது. முதல் அடியிலேயே ஒருவர் முழங்கை என் விலாவில் ஏறியது.

"ஏய், கண்ணு தெரியலயா?"

"குடிச்சிருக்கா போல."

"தமாங் பொம்பளை மாதிரிதான் இருக்கா, இவளுக்கு இது கூடவா தெரியாது? சீச்சீ!"

ஒரு கிழவர் தன் கைத்தடியைக் குறுக்கே நீட்டி, "திரும்பு பஹினி, திரும்பிடு. நல்ல நாளும் அதுவுமா" என்று கெஞ்சினார். தங்கச்சி என்று கூப்பிட்டவரின் தடியைத் தள்ளிவிட்டுப் போனேன். அழுகையில் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. நின்று பார்த்தால் பெரியவர்கள் முகம்தான் வருகிறது. அதனால் குனிந்தேன். குனிந்து, கால்களுக்கும் பைகளுக்கும் நடுவில் பார்த்துக்கொண்டே போனேன். யாரோ தள்ளியதில் முட்டி தேய விழுந்தேன். "பாவம், விழுந்து கும்பிட்டுச் சுத்துறா, அதையும் தப்பாச் சுத்துறா" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. முட்டிக்காலிலேயே நகர்ந்தேன். அந்த உயரத்தில்தான் பிள்ளைகளின் முகம் இருந்தது.

எத்தனை பிள்ளைகள். ஒவ்வொரு சிவப்பு ஸ்வெட்டருக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது. மூக்கொழுகும் முகம், தூங்கும் முகம், என்னைப் பார்த்துப் பயந்த முகம். பாதி வட்டம் வந்திருப்பேன். இனி இல்லை, போய்விட்டாள், யாரோ கூட்டிப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே நகர்ந்த நேரத்தில், உருளைகள் பக்கமிருந்து ஒரு குரல்.

"அம்மா! தப்பா வர்றே!"

தெமால் பெண்கள் ஒரு பட்டாளமாக வந்துகொண்டிருந்தார்கள். அதில் கடைசிக்காரியின் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எட்டி எட்டி உருளைகளைச் சுற்றியபடி என் மகள். கன்னத்தில் சுர்பி அப்படியே. அழுது காய்ந்த கோடு இரண்டு கன்னத்திலும்.

நான் அவளை எப்படிப் பிடித்தேன் என்று நினைவில்லை. பிடித்தபோது "வலிக்குதும்மா" என்றாள். அந்த முந்தானைக்காரி திரும்பிப் பார்த்து, "இது யார் பிள்ளை? என் பிள்ளைன்னு நெனச்சு இழுத்துட்டு வரேனா இவ்வளவு நேரம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"பெரியப்பா சொன்ன மாதிரிதான் நடந்தேன்," என்றாள் யாங்ஜி. "நீதான் நிக்கவே இல்ல. எனக்கு முன்னாடிதான் போய்க்கிட்டே இருந்தே. உன் சால்வை தெரிஞ்சுது. அம்மா அம்மான்னு கத்தினேன். நீ திரும்பியே பாக்கல."

அவள் கன்னத்துக் கோடுகளைச் சால்வை முனையால் துடைத்தேன்.

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். இனி விளக்கு வைக்கிற இடத்துக்குப் போக வேண்டும். திரும்பி, எல்லாரும் போகிற பக்கமே நடந்தேன். ஸ்தூபி மறுபடியும் வலது கைக்கு வந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. முன்னால் மறுபடியும் முதுகுகள், முதுகுகள்.

கொஞ்ச தூரம் போனதும் முன்னால் ஒரே கூச்சல். "யோவ் கைடு, உனக்குமா மறந்து போச்சு?" என்று யாரோ கேலி செய்ய, நாலைந்து பேர் சிரித்தார்கள். வளைந்த குடை ஒன்று தலைகளுக்கு மேலே ஆடியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தார். டோபி இல்லை. கழுத்து அட்டை முதுகுப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தம்பியின் படத்தை, நசுங்காமல், மற்ற கையால் நெஞ்சில் அழுத்தியிருந்தார். குனிந்து குனிந்து ஒவ்வொரு பிள்ளையின் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பெரியப்பா!" என்று கத்தினாள் யாங்ஜி. "நீங்களும் தப்பா வர்றீங்க!"

அவர் நிமிர்ந்தார். நான் பார்த்த முகங்களிலேயே அந்த முகத்தைத்தான் மறக்க முடியவில்லை.