ஆடியில் காற்றில்லை

பஸ் என்னைத் தொப்பம்பட்டியில் இறக்கிவிட்டபோது மணி ஒன்றரை ஆகியிருந்தது. எட்டரைக்கே வந்து சேர வேண்டிய வண்டி. சத்திரப்பட்டி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துப்போய் நடுரோட்டில் நின்றது. டிரைவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடிப் போனவர் போனவர்தான். இறங்கிய கையோடு காற்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. வேலி முள்ளில் மாட்டியிருந்ததை எடுத்துத் தட்டி, தலையில் அழுத்தி, ஒரு கையால் பிடித்தபடியே நடந்தேன். கண்ணிலும் வாயிலும் மண். சோளத்தட்டை ஒன்று பட்டம் மாதிரி தலைக்கு மேலே போயிற்று. ஆடி பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் நான் அசரவில்லை. இது வெறும் சுழல், மலையில் மோதித் திரும்பி மேலும் கீழுமாகப் புரள்கிற காற்று, சத்தம் அதிகம், சரக்கு குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் அப்படித்தான் நாற்பத்திரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். எழுதியது மட்டுமா, நிரூபித்தும் இருந்தேன்.

திண்டுக்கல்லில் எங்கள் குடும்பத்துக்குத் தோல் வியாபாரம். அண்ணன்மார்கள் எல்லாரும் மண்டியில் இருக்க, நான் ஒருத்தன் மட்டும் கணிதம் படித்துக் கல்லூரி வாத்தியாராகிவிட்டேன். அது போதாதென்று டாக்டர் பட்டத்துக்கும் பதிந்து வைத்தேன். காற்றின் வேகம் தெரிந்தால், ஒரு காற்றாலை ஒரு கிணற்றிலிருந்து வருடத்துக்கு எவ்வளவு தண்ணீர் இறைக்கும் என்று சொல்லும் சமன்பாடு வேண்டும், அதுதான் ஆராய்ச்சி. "நூர் அகமது எங்கப்பா, காத்தை முழம் போட்டுக்கிட்டு இருக்கானா?" என்று மண்டியில் கேட்டுச் சிரிப்பார்கள். ஆறு வருடமாகச் சிரிக்கிறார்கள். இரண்டு முறை தவணை நீட்டியாகிவிட்டது. அந்த ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஆய்வேடு சென்னை போய்ச் சேரவில்லை என்றால் பதிவு ரத்து. அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஆய்வேடு டைப் ஆகி, நான்கு படிகளும் பைண்டிங் கடையில் இருந்தன. நான் வந்தது, இரவல் வாங்கிய கருவியைக் கழற்றி எடுத்துப்போகத்தான். பையில் ஸ்பேனர் கனத்தது.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தண்டின் உச்சியில் மூன்று கைகள், கைக்கு ஒரு கிண்ணம். காற்றடித்தால் கிண்ணங்கள் சுற்றும். கீழே ஒரு சின்னப் பெட்டியில் எத்தனை மைல் காற்று கடந்து போயிற்று என்று எண் ஓடும். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தது. பெருமாள்சாமி என்ற விவசாயி தன் கிணற்று மேட்டில் நின்ற பழைய கல்தூணில் அதை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். அவர் மனைவி அய்யம்மாள் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். தினமும் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஏணியில் ஏறி எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பாள். ஒரு வருடத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. என் பி.ஏ. மாணவர்களிடம் நான் அந்த நோட்டைக் காட்டித் திட்டியிருக்கிறேன்.

மாதம் ஒரு ஞாயிறு நான் வந்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வேன். எட்டரைக்கு இறங்கினால் பத்தரை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வீட்டில் ஷரீஃபா மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்குப் போட உதவுவாள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி எட்டு மடங்காகும். அதனால் ஒவ்வொரு எண்ணையும் மும்மடி ஆக்கியாக வேண்டும். தை மாதக் கணக்கு முடிந்த அன்று அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "என்னங்க இது, தையிலகூட ஒரு நாளைக்கு நூத்தித் தொண்ணூறு மைல் ஓடியிருக்கு. ஆடியில நூத்தி முப்பதுதான் வந்துச்சு. ஆடியில காத்தில்லைன்னு எழுதுனா ஊரு சிரிக்காதா?" என்றாள். நான் சிரித்தேன். ஊர் காதால் கேட்கிறது, நான் அளக்கிறேன், நம்பர் பொய் சொல்லாது, நீ பேசாமல் பெருக்கு என்றேன். அந்த ஒரு கேள்வியை ஒழுங்காகக் காதில் வாங்கியிருக்கலாம். எங்கே வாங்கினேன்? ஊரே நம்புவதை ஒரு வாத்தியார் பொய்யாக்கிக் காட்டுவதில் இருக்கும் ருசி எனக்குப் பிடித்துவிட்டது. பழனி மலை காற்றை எப்படி மடக்குகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு கண்டுபிடித்தேன். அது ஆடியின் எண்களோடு அச்சாகப் பொருந்தியது. சென்னைப் பேராசிரியர், 'உங்கள் நான்காம் அத்தியாயமே இந்த ஆய்வின் முத்து' என்று கைப்பட எழுதினார். அந்தக் கடிதத்தைப் பத்து தடவையாவது படித்திருப்பேன். ஆய்வேட்டின் கடைசி வரி, இந்தச் சமவெளி காற்றாலைக்கு உகந்ததல்ல என்பது. எந்தக் கிணறுகளில் சோதனைக் காற்றாலை நிறுத்தலாம் என்று முடிவு செய்கிற கமிட்டிக்கும் ஒரு படி போகும்.

கிணற்று மேட்டில் ஏறியபோது காற்று என்னைப் பின்னுக்குத் தள்ளியது. வைக்கோல் போருக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, நுனிகளில் கல் தொங்கவிட்டிருந்தார்கள். அவர்கள் குடியிருக்கும் தோட்டத்துச் சாளையின் கூரைக்கும் அப்படியே. கோழிக் கூடைமேல்கூட ஒரு அம்மிக் குழவி. கல்தூணை நிமிர்ந்து பார்த்தேன். உச்சியில் கிண்ணங்களைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. கற்றாழை நார்க் கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்கி, கயிற்றின் நுனியைத் தூணின் அடியில் முடிந்திருந்தார்கள். இத்தனை காற்றிலும் அது அசையவே இல்லை.

கத்தரிச் செடிகளுக்கு நடுவிலிருந்து அய்யம்மாள் மண்கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "ஏனுங்க வாத்தியாரே, இந்த வெயில்ல வந்திருக்கறீங்க? அவரு சந்தைக்குப் போயிருக்கறாருங்க. மோரு கொண்டாரட்டுங்களா?"

"அது என்னம்மா அங்க, சாக்கு?"

"கிண்ணிங்களா? கட்டி வெச்சிருக்கறனுங்க. காத்தடிக்குதல்லங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பையைக் கீழே போட்டேன். "காத்தடிச்சா கட்டுறதா? காத்தடிக்கணும்னுதானேம்மா அதை அங்க வச்சிருக்கு! எம்புட்டு நாளா இப்புடிக் கட்டுறீங்க?"

"போன ஆனியிலிருந்துங்க. பத்து, பத்தரைக்குக் காத்துக் கெளம்புமுங்க. உடனே ஓடியாந்து கட்டிப்போடுவனுங்க. பொழுதோட தணிஞ்சதும் அவுத்து உட்டுட்டு நெம்பரை எழுதிருவனுங்க. ஒரு நாளும் தவறுனதில்லீங்க." அதை அவள் பெருமையாகவே சொன்னாள். "காத்துக் காலம் போனா மத்த மாசத்துல கட்டறதில்லீங்க. ஆடியில எதைத்தானுங்க கட்டாம உடறது?"

"யாரும்மா கட்டச் சொன்னா?"

"நீங்கதானுங்க. மொத நாளு என்ன சொன்னீங்க? பெங்களூர்ச் சாமான், ஒடஞ்சுபோச்சுன்னா எம்பொழப்பே போச்சுன்னு சொன்னீங்களா இல்லீங்களா?"

சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். இப்போது அவள்மேல் எரிந்து விழுந்தேன். படித்தவர்கள் எரிந்து விழும்போது வருகிற எல்லா வார்த்தைகளும் வந்தன. அறிவு, பொறுப்பு, ஒரு வருடம், என் தலையெழுத்து. அவள் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். என் மூச்சு தீர்ந்த பிறகு, மெதுவாக, "களை வெட்டுல பாதியில ஓடியாந்து ஏணியேறறது லேசுங்களா? அது நல்லா இருந்தாத்தான் நம்ம கெணத்துக்குக் காத்தாடி வரும்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாருங்க. பங்குனியிலிருந்து ஒரு மாடு நொண்டுதுங்க. ஒத்தை மாட்ட வெச்சு எத்தனை நாளைக்குங்க எறைக்கறது?" என்றாள்.

நான் கிணற்று விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். நம்பர் பொய் சொல்லவில்லை. கட்டிப்போட்ட கிண்ணம் எவ்வளவு சுற்றுமோ அவ்வளவுதான் சுற்றியிருந்தது. அவளும் பொய் எழுதவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள். பொய்யை நான்தான் எழுதினேன். நாலு முழக் கற்றாழைக் கயிறு செய்த வேலையைப் பழனி மலை செய்ததாக நிரூபித்து, அதற்கு வகைக்கெழுவும் தொகையீடும் போட்டு, நாற்பத்திரண்டு பக்கம். அதுவும் அச்சாகப் பொருந்தும்படி. அதை நினைக்கத்தான் உடம்பெல்லாம் கூசியது. தப்பான ஒன்றுக்கு இவ்வளவு அழகான கணக்கு எப்படி வந்தது? அதைத்தான் ஒரு பேராசிரியர் முத்து என்றார்.

இதைச் சொன்னால் ஆய்வேடு போயிற்று. இன்னொரு ஆடி முழுக்க அளக்க வேண்டும், அதற்குப் பதிவு இருக்காது. முப்பத்தாறு வயதில் மறுபடி முதலிலிருந்து யார் ஆரம்பிக்க விடுவார்கள்? சொல்லாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. இந்தக் கயிற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். அதில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அது தப்பு என்றே தெரியாது. இரண்டு வருடத்தில் நான் டாக்டர் நூர் அகமது ஆகிவிடுவேன். மண்டியில் சிரிப்பு நின்றுவிடும். இந்தக் கிணற்றுக்குக் காற்றாலை வராது, அவ்வளவுதான். எத்தனையோ கிணற்றுக்கு வராமல்தானே இருக்கிறது. இப்படியெல்லாம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கால் மணி நேரம் இதே யோசனைதான்.

பிறகு எழுந்து ஏணியில் ஏறினேன். கயிறு அவ்வளவு லேசில் வரவில்லை. காற்றுக் காலம் முழுக்க தினமும் போட்டுப் பழகிய கையின் முடிச்சு அது. சாக்கை உருவியதும் கிண்ணங்கள் என் முகத்துக்கு எதிரே சீறிக்கொண்டு சுற்றத் தொடங்கின. ஒவ்வொரு கிண்ணமாகத் தெரியாமல் ஒரே வளையமாகத் தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"உட்றாதீங்க வாத்தியாரே, ஒடஞ்சு போயிருமுங்க!" என்று அய்யம்மாள் கீழேயிருந்து கத்தினாள். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருந்தாள்.

"ஒடைஞ்சா ஒடையட்டும்மா. செத்த நேரம் சும்மா இருங்க!"

பதினைந்து நிமிடத்தில் பெட்டியில் ஏழு மைல் ஓடியது. அப்படியானால் மணிக்கு இருபத்தெட்டு. என் ஆய்வேட்டில் ஆடியின் பகல் வேகம் ஏழு. நான்கு மடங்கு, அதை மும்மடி ஆக்கினால் அறுபத்து நான்கு மடங்கு. ஷரீஃபாவின் அட்டவணைகூடத் தேவைப்படவில்லை. இந்த மேட்டில் ஒரு காற்றாலை நின்றால் இந்தக் கிணறு மட்டுமல்ல, பக்கத்துக் கிணறும் இறைக்கும். நான் அதுவரை ஒரு கட்டுரையிலும் படித்திராத நல்ல காற்று, ஒரு வருடமாக இந்த வழியாகப் போயிருக்கிறது. எனக்கு வந்தது சந்தோஷமா ஆத்திரமா என்றே தெரியவில்லை.

அப்போது டிக்கென்று ஒரு சத்தம். ஒரு கிண்ணம் கையோடு கழன்று என் காதை உரசிக்கொண்டு பறந்து, சோளக்காட்டுக்குள் எங்கோ விழுந்தது. தினமும் கட்டி அவிழ்த்து, கட்டி அவிழ்த்து, கையைப் பிடித்திருந்த திருகு தேய்ந்து தளர்ந்திருக்க வேண்டும். நான் இறங்கி வருவதற்குள் அய்யம்மாள் காட்டுக்குள் ஓடிவிட்டாள். சோளப் பயிர் அலைபாய்ந்ததில் அவள் தலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து வந்தாள். கிண்ணத்தை முந்தானையில் துடைத்து, நெளிவைக் கட்டை விரலால் நீவிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நான் கட்டுனபடியே இருந்திருக்கோணுங்க," என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. எனக்காக வருத்தப்படுகிற குரல்தான். திருகைப் பற்றி நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் சாளைக்குள் போய் நோட்டையும் பென்சிலையும் எடுத்து வந்தாள். அன்றைய தேதிக்கு நேரே காலைக் கட்டத்தில் அவள் கையெழுத்தில் எண் இருந்தது. மாலைக் கட்டம் காலி. மேலே மிச்சமிருந்த இரண்டு கிண்ணங்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடகடவென்று ஆட்டம் போட்டுக்கொண்டே சுற்றின. பெட்டியில் எண் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது இப்போது எதன் எண் என்று எனக்கே தெரியவில்லை.

"இன்னிக்கு என்னன்னு எழுதறதுங்க?" என்றாள்.

பென்சிலை வாங்கிக்கொண்டேன். காற்றில் தாள் ஒரு மாதம் முன்னே, இரண்டு மாதம் பின்னே என்று புரண்டது. அவள் சரியான பக்கத்தைத் தேடி எடுத்து, நோட்டை அடிவயிற்றோடு சேர்த்து வைத்து, தாளின் நான்கு மூலையும் படபடக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் எழுதுவதற்காக நின்றாள்.