பின்னால் வந்த கார்

கல்முனைப் பக்கமிருந்து வந்த பஸ் களுதாவளையில் நின்றதும், தக்ஷாயினி அண்ணன் மதுரனின் கையை விலக்கிவிட்டு வெள்ளைப் பிரம்பால் படியைத் தட்டிப் பார்த்தாள். பிறவியிலேயே கண் தெரியாதவள். மட்டக்களப்பு நகரத்தில் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து மதுரன்தான் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவான். சினேகிதிகளோடு ஒரு தேத்தண்ணி குடிப்பதென்றாலும் அவனுடைய நேரம் பார்த்துத்தான் குடிக்கவேண்டும். சண்டை பிடித்துச் சண்டை பிடித்து இந்த ஒரு நாளை வாங்கியிருந்தாள்.

"இண்டைக்கு ஏதும் பிசகினா நாளைலருந்து கார்தான். பிறகு கதைக்கப்படாது," என்றான் மதுரன்.

"ஓம் ஓம், நீ போ."

உள்ளே நல்ல சனம். யாரோ இடம் விட்டார்கள். மாட்டேனென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரில் கண்ணாடி ஏற்றியிருக்கும். அண்ணனின் ரேடியோ மட்டும் பாடும். இங்கே காலடியில் வெற்றிலைக் கூடை மணத்தது, யார்வீட்டுக் கலியாணத்திலோ நடந்த சண்டையைப் பின் சீற்றில் இரண்டு பெண்கள் அலச, கடற்காற்று முகத்திலேயே அடித்தது. அவளுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

"ரீச்சர், எங்க இறக்கம்? நான் சொல்லுறன்," என்றான் கொண்டக்டர் றமீஸ்.

"வேணாம். நானே சொல்லுவன்."

சற்றுப் போனதும் அவன் குனிந்து மெல்லக் கேட்டான்: "ஒரு வெள்ளைக் கார் நம்மட பின்னாலேயே வருகுது. ஓட்டுறவரு தலைய நீட்டி நீட்டிப் பாக்காரு. தெரிஞ்ச ஆளா?"

தக்ஷாயினிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எங்கட அண்ணன்," என்று சொல்லி முடிப்பதற்குள் அதுவே சிரிப்பாகிவிட்டது. பின் சீற்றுப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் செய்தி சொல்லத் தொடங்கினார்கள்.

"காத்தான்குடிச் சந்தியில மாட்டிக்கிட்டாருகா! இந்தா, திரும்பவும் வந்திட்டாரு!"

கல்லடிப் பாலத்தில் சில்லுகளின் சத்தம் மாறியது. வாவிக் காற்று ஈரமாக வந்தது. இனி ஒரு வளைவு, பிறகு பாடசாலை. ஆனால் அது எவ்வளவு தூரத்தில் வருமென்று காரில் போகையில் அவள் கவனித்ததில்லையே! உடல் ஒருபக்கம் சாய்ந்தது. இதுதானா அந்த வளைவு? கேட்டால் றமீஸ் சொல்லிவிடுவான். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இறக்கம்!"

வகுப்பை அடக்கும் குரல். பஸ் நின்றது. பிரம்பு தரையைத் தொடுமுன்பே, "குட் மோர்னிங் ரீச்சர்!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள்.

பஸ்ஸுக்குப் பின்னால் ஹோர்ன்கள் அலறின. மதுரன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"சரியா இறங்கிட்டாயே..."

"அண்ண, கார நடு றோட்டில விட்டுட்டா வந்த? ஊரே கத்துது. போ. பின்னேரமும் நான் பஸ்லதான் வாறன்."

அவன் காரை நோக்கி ஓட, பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. "போயிட்டு வாறம் ரீச்சர்!" என்று அந்தப் பெண்கள் கூவினார்கள். எந்த யன்னல் என்று தெரியாமலே தக்ஷாயினி கையை உயர்த்தி, சத்தம் தேயும்வரை ஆட்டிக்கொண்டே நின்றாள்.