தூளியை அவிழ்த்த சனிக்கிழமை

என் மகனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்ரீனிவாசராகவன். பத்து மாதக் குழந்தைக்கு அது நீளம் என்று சீனு என்று கூப்பிட்டோம். ஆனால் அவன் அழுகைக்கு முழுப் பெயரும் போதாது.

ஒன்பது மாதம் வரைக்கும் சாது. சாயங்காலம் விளக்கேற்றியதும் கண் சொருகும், காக்கை கத்தும்போதுதான் விழிப்பான். பத்தாவது மாதம் பிறந்ததும் என்ன வந்ததோ, ராத்திரிக்கு ஐந்து தடவை, ஆறு தடவை வீறிட ஆரம்பித்தான். தலைநகரம் டெல்லிக்குப் போகிறது என்று கல்கத்தாவே கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. ராஜா எங்கே வேண்டுமானாலும் போகட்டும், எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

காளிகாட்டில் ஒரு சந்தில் மாடி அறையில் குடியிருந்தோம். நானும் என் மனைவி ஜெயலக்ஷ்மியும் சீனுவும் மட்டும்தான். கீழே வீட்டுக்காரர்கள், புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அந்த அம்மாளை அக்கா முறையில் ஹேம் தீதி என்று கூப்பிடுவோம். குழந்தை இல்லாத வீடு. எங்கள் வீட்டு அழுகை அவர்கள் தலைக்கு மேலேதான் கேட்கும். ஆனாலும் தீதி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் ஒரு தடவை மன்னிப்புக் கேட்கப் போனபோது, "அழட்டும் பாபு" என்று மட்டும் சொன்னாள்.

செய்யாத வைத்தியமில்லை. பல் வருகிறது என்று ஈறில் தேன் தடவினோம். திருஷ்டி என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டோம். வயிறு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். எதற்கும் மசியவில்லை. ஜெயத்தின் பழைய புடவையில் கட்டிய தூளி உத்தரத்தில் தொங்கியது. நடு ராத்திரியில் அதை நான் ஆட்டிய ஆட்டத்தில் கயிறு தேய்ந்ததுதான் மிச்சம்.

ஜெயம் ஒரு நாள் சொன்னாள்: "ஏன்னா, தூளிக்குள்ள இவன் எழுந்து நிக்கப் பாக்கறான். துணி காலை வாரறது. அவுத்துட்டுக் கீழ பாய்ல போட்டுப் பாப்போமா?"

"எங்காத்துல ஆண்டு நிறைவுக்கு முன்னால தூளியை அவுக்கற வழக்கமில்லை. குழந்தைக்கு ஆகாது" என்றேன். சொன்னது மட்டுமில்லை, கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தூக்கமில்லாதபோது மூக்கு வரைகூட அது காத்திருப்பதில்லை. அவள் போய்த் தூளியை ஆட்ட ஆரம்பித்தாள்.

நான் ஒரு சணல் கம்பெனியில் கடிதம் நகலெடுக்கிற கிளார்க். அந்த வாரம் முந்நூறு பேல் சணலைப் பற்றிய கடிதத்தின் நடுவில் தலை கவிழ்ந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது ஈர எழுத்தெல்லாம் என் கன்னத்தில் இருந்தது. துரை நேரே வந்து பார்த்தார். இன்னொரு தடவை இதே மாதிரி நடந்தால் மறுநாள் வரவேண்டாம் என்றார். இந்த ஊரில் எனக்கு வேறு யாரையும் தெரியாது. வேலை போனால் குடும்பத்தோடு ரயிலேறுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஹெட் கிளார்க் முகர்ஜி பாபு நல்ல மனுஷன். என் கன்னத்து மையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ரகசியமாக ஒரு வழி சொன்னார். "அபின். கடுகளவு போதும். பாலில் கரைத்துவிடு. என் குழந்தைகள் ஐந்தும் அதில் வளர்ந்ததுதான். ஆயாக்கள் எல்லாம் என்ன செய்கிறார்கள் என்று நினைக்கிறாய்?"

வீட்டில் ஜெயத்திடம் சொன்னேன். "வேண்டாம்" என்றாள்.

"ஏன் வேண்டாம்? ஊர்ல எல்லாரும் குடுக்கறா."

"எனக்குக் காரணம் சொல்லத் தெரியலை. வேண்டாம்னா வேண்டாம்."

காரணம் தெரியாதவள் சொல்வதை எதற்குக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று நான் வெட்கப்படவில்லை. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் அபின் கடைக்குப் போய், இலையில் மடித்த ஒரு கறுப்புத் துணுக்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டிராம் ஏறினேன்.

நான் மாடியேறும்போது ஜெயம் துணிமூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "இப்பத்தான் கண் அசந்தான். குழாயடியில நாலு துணி அலசிட்டு வந்துடறேன். சத்தம் போடாதீங்கோ" என்றாள்.

அவள் தலை மறைந்ததும் குமுட்டி அடுப்பில் பாலைச் சுட வைத்தேன். அபினில் நகக்கண்ணால் கிள்ளி, குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் ஊற்றிய பாலில் கரைத்தேன். என் கை நடுங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

பாதி கரைப்பதற்குள் தூளி குலுங்கியது. உள்ளேயிருந்து ஒரு தலை முட்டியது, கால் உதைத்தது, புடவை சுருண்டு காலை வாரியது, அழுகை கிளம்பியது. ஜெயம் சொன்னது அப்படியே கண்ணெதிரே நடந்தது. நான் அவனைத் தூக்கிப் பாயில் விட்டுவிட்டுப் பாலாடைக்கே திரும்பினேன்.

பாயில் விட்டதுதான் தாமதம், தவழ்ந்து ஜன்னலுக்குப் போனான். எங்கள் ஜன்னல் தரை வரைக்கும் இறங்கும், நீளக் கம்பி போட்டது. கம்பியைப் பிடித்து, முக்கி முனகி, எழுந்து நின்றான். நின்றதும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு. தெருவில் போன மீன்காரனைப் பார்த்து ஒரு கூச்சல். கொஞ்ச நேரம் கழித்துக் கால் நடுங்க ஆரம்பித்தது. உடனே ராத்திரியில் அழுகிற அதே அழுகை.

வழக்கமாக இந்த இடத்தில் ஓடிப்போய்த் தூக்கிவிடுவோம். அன்றைக்கு இரண்டு கையிலும் பாலும் பாலாடையுமாக இருந்ததால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். அவன் தரையைக் குனிந்து பார்த்தான். ஒரு முழங்காலை மெள்ள மடக்கினான். பயந்துபோய் மறுபடியும் விறைத்துக்கொண்டான். கம்பியை இன்னும் இறுகப் பிடித்தான், இன்னும் உரக்க அழுதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயலுக்கு எழுந்து நிற்கத் தெரிகிறது, உட்காரத் தெரியவில்லை!

சின்ன வயதில் நான் ஒரு தடவை மாமரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கிளையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். இவனும் பதினைந்து நாளாக அப்படித்தான் அழுதிருக்கிறான். நாங்கள் அதற்குத் தேன் தடவி, மிளகாய் சுற்றி, தூளியை ஆட்டி ஆட்டி அவன் காலையும் வாரிவிட்டிருக்கிறோம். புதிதாக ஒன்று கற்றுக்கொண்டவனுக்கு ராத்திரியானால் மட்டும் அது மறந்துபோகுமா? தூக்கக் கலக்கத்திலும் எழுந்து நிற்கத்தான் பார்ப்பான்.

பாலாடையைத் தரையில் வைத்துவிட்டு அவனிடம் போனேன். அவன் கையை என் கையால் மூடி, கம்பியில் மெள்ளக் கீழே இறக்கினேன். முழங்காலை மடக்கிவிட்டேன். பொத்தென்று உட்கார்ந்தான். ஆச்சரியத்தோடு என் முகத்தைப் பார்த்தான். உடனே மறுபடியும் எழுந்தான். மறுபடியும் இறக்கினேன். எத்தனை தடவை என்று தெரியாது. என் வேட்டி முழங்காலில் அழுக்காகிவிட்டது. கடைசியில் ஒரு தடவை, நான் தொடாமலே, கம்பியில் கையை வழுக்கவிட்டுத் தானாக உட்கார்ந்துவிட்டான். "அடே ராஜா!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே துணி அலசுகிற சத்தம் நின்றது.

ஜெயம் ஈரக்கையோடு ஓடிவந்தாள். குழந்தையும் நானும் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். பதினைந்து நாளில் முதல் சிரிப்பு. பிறகு பாலாடையைப் பார்த்தாள்.

"பால்கூடச் சுட வெச்சிருக்கேளே! இன்னிக்கு மழைதான்" என்று சொல்லிக்கொண்டே சீனுவை மடியில் போட்டுப் பாலாடையை எடுத்தாள். அவன் பசியில் வாயைத் திறந்தான்.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. பாலாடை சுவரில் மோதி உருண்டது. பால் அவள் புடவையெல்லாம் தெறித்தது.

"அதுல அபின் இருக்கு" என்றேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சீனுவின் வாயை முந்தானையால் துடைத்தாள். உள்ளே ஒரு சொட்டும் போகவில்லையே என்று விரல் விட்டுப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"எவ்வளவு போட்டேள்?"

"கடுகளவு."

"எந்தக் கடுகு? நம்மூர்ப் பொடிக் கடுகா, இந்த ஊர்ப் பெரிய கடுகா?"

முகர்ஜி பாபு எந்தக் கடுகைச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. நகக்கண்ணால் கிள்ளியது எந்தக் கடுகுக்குச் சமம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஜெயம் எழுந்தாள். குழந்தையை என்னிடம் தரவில்லை, இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி, ஒரு கையால் தூளிக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். பழக்க தோஷத்தில், "ஆண்டு நிறைவுக்கு முன்னால..." என்று வாயெடுத்தேன்.

"அபின் குடுக்கலாம், தூளியை அவுக்கக் கூடாதோ?" என்றாள்.

நானே போய் அடுத்த முடிச்சை அவிழ்த்தேன். இலையில் மிச்சமிருந்ததைக் குமுட்டியில் போட்டுவிட்டு, சீனு கம்பியைப் பிடித்து நிற்பதையும் உட்காருவதையும் அவளுக்குக் காட்டினேன். அவள் பார்த்தாள். என்னோடு அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. அது எனக்குத் தகும்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. பகலெல்லாம் எழுவதும் உட்காருவதுமாக அலுக்கும் வரை விளையாடவிட்டோம். சாயங்காலம் வெந்நீர், விளக்கு, ஒரே பாட்டு, ஜன்னலோரப் பாய். முன்பெல்லாம் அவன் கண்ணில் படாமல் நழுவிப் போகிற ஜெயம், இப்போது "அடுப்பைப் பாத்துட்டு வந்துடறேண்டா" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வந்தாள். அவள் வருவாள் என்று அவனுக்கும் நம்பிக்கை வந்தது. ராத்திரியில் எழுந்து கம்பியைப் பிடித்து நிற்பான். நாங்கள் பேசாமல் படுத்திருப்போம். பொத்தென்று சத்தம் கேட்கும். பிறகு முட்டிபோட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தூங்கிவிடுவான். ஆறு தடவை நாலாயிற்று, நாலு இரண்டாயிற்று. பத்தாம் நாள் ராத்திரி சத்தமே இல்லை.

அந்த ராத்திரி தூங்காதவன் நான்தான். தூக்கம் வேண்டும் வேண்டும் என்று அலைந்தவன், விடிகிற வரைக்கும் அவன் மூக்கின் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளுக்கும்போது கதவைத் தட்டினார்கள். ஹேம் தீதி நின்றாள். தலையில் முக்காடுகூடச் சரியாக இல்லை. ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து, பாயருகில் மண்டியிட்டு, சீனுவின் மூக்கின் கீழே விரலை வைத்தாள். நான் வைத்த அதே இடத்தில். மூச்சு பட்டதும் அவள் தோள் தளர்ந்தது.

"ராத்திரி முழுக்க இவன் அழவில்லையே பாபு" என்று வங்காளியில் சொன்னாள். "என் பிள்ளையும் இப்படித்தான் அழுதுகொண்டே இருந்தான். எங்கள் வீட்டில் அபின் கொடுத்தார்கள். அன்றைக்கு அவன் நன்றாகத் தூங்கினான்."

ஜெயத்துக்கு வங்காளி பத்து வார்த்தை தெரியும். இது அந்தப் பத்தில் இல்லை. "தீதி என்ன சொல்றா?" என்று கேட்டாள்.

அதை என் வாயால் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே சொல்லி முடித்தேன்.

தூங்குகிற குழந்தையைத் தொடாதே என்று பத்து நாளாக என்னை அதட்டிய ஜெயம், சீனுவை அப்படியே வாரியெடுத்துத் தீதியின் மடியில் போட்டாள். தூக்கம் கலைந்த கோபத்தில் அவன் வீறிட்டு அழுதான். தீதி அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் பாஷையில், "அழு ராஜா, நன்றாக அழு" என்றாள்.

அதற்கு மட்டும் ஜெயம் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.