கெலாங் பாத்தாவில் வெளுத்த தாலிக்கொடி

முருகன்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எங்கள் ஊர் கெலாங் பாத்தாவில் பல் மருத்துவர் சோமசேகரம் மூச்சு விட்டால், எதிரே உள்ள சன்னல் கண்ணாடியில் ரசம் படிந்து உங்கள் முகம் தெரியும்.

காரணம் சேறு. காலமெல்லாம் அவர் ஊராரின் கடைவாய்ப் பற்களிலிருந்து பழைய வெள்ளி அடைப்புகளைத் தோண்டி எடுத்தார். பெயர்தான் வெள்ளி, பாதி பாதரசம். துப்பியதெல்லாம் கிளினிக்கின் பின்புறக் கால்வாயில் சேறாய்ச் சேர்ந்தது. அங்கிருந்த நுண்ணுயிர்கள் முதலில் கொத்துக்கொத்தாகச் செத்தன. மிஞ்சியவற்றிடம் ஒரு மரபணுக் கூட்டம் இருந்தது. அது உண்டாக்கும் புரதங்களில் ஒன்று வாசற்காவல். பாதரசம் வந்தால் மற்றவற்றை எழுப்பும். ஒன்று விஷத்தைப் பத்திரமாக உள்ளே கூட்டிவரும். இன்னொன்று அதை ஆவியாக்கி வெளியே அனுப்பிவிடும். இந்த வித்தையை நுண்ணுயிர்கள் பக்கத்திலிருப்பவருக்கும் நகலெடுத்துக் கொடுப்பது வழக்கம். ஆள் வைத்தால் சுத்தமாகச் செய்யமாட்டான் என்று சோமசேகரம் வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கால்வாயைத் தானே வெறுங்கையால் வழிப்பார். ஒருநாள் விரல் கீறியது. அவருக்கும் ஒரு நகல் கிடைத்தது.

“அலமாக், டாக்டர்! நீங்க ஊதினா போதும், நான் கண்ணாடியே இறக்க வேணாம் லா!” என்றார் முகக்கண்ணாடிக்குச் சட்டம் போடும் கடை மனோகரன். சோமசேகரம் சிரித்தபடி ஊதிக்கொடுத்தார். தன் உடம்பில் விஷமே தங்காது என்று மனைவி தவமணிதேவியிடம் பெருமையடித்தார். அவளோ தினமும் அவர் தோளோடு ஒட்டியிருந்து நாடகம் பார்ப்பவள். அவள் தாலிக்கொடி கண்ணி கண்ணியாக வெளுத்தது. தங்கம் பாதரசத்தைக் கண்டால் விடாது. பிறகு தேநீர்க் கோப்பை அவள் கையில் நடுங்கியது.

“நீங்க விஷத்த அழிக்கலைங்க. வெளிய தள்ளிவிட்டீங்க. வெளியன்னா யாரு? நான்தானே பக்கத்துல இருந்தேன்?”

அவள் கடலோர ஊரான மெர்சிங்கிலுள்ள தங்கை வீட்டுக்குப் போனாள். கடற்காற்றில் கை நடுக்கம் நின்றது. ஆசாரி நெருப்பில் காட்டியதும் கொடி மஞ்சளானது. ஆசையோடு திரும்பி வந்தாள், மறுபடி வெளுத்தது. அதன்பின் அவள் வரவில்லை.

இப்போது அவர்தான் ஞாயிறுதோறும் மெர்சிங் போகிறார். தெருவுக்கு எதிர்ப்புறம் நின்று போன் அடிக்கிறார்.

“காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்க?”

“என் பக்கத்துலேர்ந்து உன் பக்கம், தேவி.”

“அப்ப அங்கேயே நில்லுங்க.”

காற்று திரும்பும்வரை நிற்கிறார். திரும்பினால் அவள் கேட் வரைக்கும் வருகிறாள். அந்தத் தெருவில் யாரும் இதை வேடிக்கை பார்ப்பதில்லை.

முருகன் மன்னிக்கட்டும், சோமசேகரத்துக்குக் கல்யாணமே ஆகவில்லை.