கிச்சன் ஸ்விட்ச்

தம்பியின் அலமாரியில் கறையில்லாத சட்டை ஒன்றுகூட இல்லை. நாள் முழுக்கச் சுவரைத் துளைக்கிறவனுக்கு நல்ல சட்டை எதற்கு என்று அவனே கேட்பான். புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த அக்கா ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்துக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே லைட் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்து மறுபடி அணைந்தது. கீழே கிச்சனில் சித்தி கத்துவது மாடிவரை கேட்டது.

"என்ன கேடு இந்த ஸ்விட்ச்சுக்கு? எத்தனை தடவை தட்டினாலும் எரிய மாட்டேங்குதே!"

"சித்தி, அது மாடி லைட்டு! விடுங்க. அடுப்புக்கு மேல சின்ன பல்ப் இருக்கு, அதைப் போட்டுக்கோங்க!"

"கிச்சன்ல மாடி லைட்டா? இதென்னடி கூத்து?"

கூத்துதான். ஏழு வருஷத்துக்கு முன் மாடியில் இந்த அறையைக் கட்டியபோது தம்பிக்குப் பத்தொன்பது வயது. அப்போதுதான் எலக்ட்ரீஷியன் வேலை கற்று முடித்திருந்தான். வெளி ஆள் வேண்டாம், எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒயர் இழுத்தான். கடைசியில் கிச்சன் ஸ்விட்ச்சைப் போட்டால் மாடி அறையில் எரிந்தது, மாடி ஸ்விட்ச்சைப் போட்டால் கிச்சன் டியூப்லைட் எரிந்தது. அம்மாவும் அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அவர் எப்படிச் சிரிப்பார்? அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவர். முப்பது வருஷமாக அடுத்தவர் தப்பைத் தேடிப் பிடித்துச் சிவப்பு மையால் சுழிப்பதுதான் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால், யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்னால் எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பார். எப்போதாவது அவரே அவசரப்பட்டுச் சரியான சொல்லை அடித்துவிட்டால், அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் 'அப்படியே' என்று எழுதுவார். அடித்ததைக் கண்டுகொள்ளாதே, இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்று அர்த்தம். அந்தச் சொல் வீட்டிலும் புழங்கியது. சாப்பாடு முடிவதற்குள் அம்மா தட்டை எடுக்கப் போனால் தம்பி இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு "அப்படியே, அப்படியே!" என்று அலறுவான்.

அடித்தட்டில் ஒரு நீலச் சட்டை அட்டை பிரிக்காமல் கிடந்தது. போன பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்தது. நல்ல நாளுக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தான். அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அப்பா வாசலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நேற்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது முதல் அதே இடம்தான். ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு சொட்டு அழவில்லை. காலையில் கொடுத்த டீ ஆடை கட்டிப் பக்கத்தில் இருந்தது.

"அப்பா, இந்தச் சட்டை போதுமா?" என்றாள். அவர் சட்டையைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

கிச்சனில் அம்மா கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். சித்தி இல்லாத நேரம் பார்த்துத்தான் வாயைத் திறந்தாள்.

"நேத்து காலைல உங்கப்பா அவனைத் திட்டினாரு. வழக்கமா திட்டுறதுதான். ஊரு வீட்டுக்கெல்லாம் லைட்டு போடுற, உன் வீட்டுல ஒரு தப்பைத் திருத்த ஏழு வருஷமா நேரமில்லையான்னாரு. அதோட விட்டாரா? அதைச் சரி பண்ணாம என் மூஞ்சியில முழிக்காதன்னுட்டாரு."

அக்கா கையிலிருந்த சட்டை அட்டையை இறுகப் பிடித்தாள்.

"அவன் என்னம்மா சொன்னான்?"

"சாயங்காலம் வந்து பண்றேன்ப்பான்னு சிரிச்சுக்கிட்டே வண்டியை எடுத்தான். மெயின் ரோட்டுத் திருப்பத்துல லாரி."

அக்காவுக்கு அப்பா மேல் பொங்கிக்கொண்டு வந்தது. வாசலில் கூனிக்கிடந்த அந்த முதுகைப் பார்த்ததும் கோபம் வந்த வழியே போய்விட்டது. பெற்ற பிள்ளையிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தையா இது? இதை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படி இருப்பார்?

பதினொரு மணிக்கு அவனைக் கொண்டுவந்தார்கள். நெற்றிக் கட்டைத் தவிர வேறு காயம் எதுவும் தெரியவில்லை. போட்டுவிட்ட நீலச் சட்டை கச்சிதமாக இருந்தது. இருபத்தாறு வயதில் எல்லாச் சட்டையும்தான் கச்சிதமாக இருக்கும் என்று நினைத்ததும் அக்கா உடைந்து அழுதாள். அம்மா அவன் உள்ளங்கையை விரித்து, ஒயர் சீவிக் காய்த்துப்போன இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவனோடு வேலை செய்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். எப்போதும் பாக்கெட்டில் டெஸ்டரோடு திரிவதால் 'டெஸ்டர்' என்றே பெயர் வாங்கியவன் மட்டும் நாற்காலியைத் தூக்குவதும், தண்ணீர் கொடுப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தான். நின்றால் அழுதுவிடுவான் போலிருந்தது.

அப்பா எழுந்து டெஸ்டரிடம் போனார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நீ எலக்ட்ரீஷியன்தானே?"

"ஆமாங்கப்பா."

"அந்தக் கிச்சன் ஸ்விட்ச்சு மாறிக் கிடக்கு. எல்லாம் முடிஞ்சதும் சரி பண்ணிக் குடுத்துடு. சாயங்காலம் பண்றேன்னு சொல்லிட்டுப் போனான்."

நேற்றிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்பாடா, வாயைத் திறந்தாரே என்று சித்தி முணுமுணுத்தாள். தம்பியின் கையைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் விரல் நின்றுவிட்டது. அக்கா அதைப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். போய், முடித்து, ஐந்து மணிக்கு வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். சித்தியும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அக்கா அம்மாவைக் கிச்சனுக்குள் இழுத்தாள்.

"அந்த ஸ்விட்ச்சுல என்னம்மா இருக்கு? மறைக்காம சொல்லு."

"என்ன இருக்கு? முட்டி வலியோட நான் மாடி ஏறி அவனை எழுப்ப முடியுமா? இங்கிருந்தே ரெண்டு தடவை தட்டுவேன். அவன் மூஞ்சில லைட்டு அடிக்கும். எழுந்து ஒரு தடவை தட்டுவான், இங்க டியூப்லைட்டு எரியும். வரேன்னு அர்த்தம். சாயங்காலமும் அப்படித்தான். பின்பக்கமா வந்து நேரா மாடிக்குத்தான் போவான். இங்க வெளிச்சம் வந்தாத்தான் புள்ள வீடு வந்து சேர்ந்தான்னு எனக்குத் தெரியும்." அம்மா மேலே அணைந்து கிடந்த டியூப்லைட்டைப் பார்த்தாள். "நேத்து வரல."

"அப்ப வேணாம்னு அப்பாகிட்ட சொல்லேன்!"

"எப்படிடி சொல்லுவேன்? அவருக்கு அதைச் சரி பண்ணியாகணும். இல்லன்னா அந்த மனுஷன் செத்தே போயிடுவாரு."

மாடிப்படிச் சுவரில் இருந்த ஒயர்ப் பெட்டியின் மூடியை டெஸ்டர் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக்கொண்டிருந்தான். கீழே அப்பா கைகட்டி நின்றார். அக்கா ஓடி வந்தாள்.

"அப்பா, வேணாம்பா. அம்மா அவனை எழுப்புற லைட்டுப்பா அது. ரெண்டு தடவை தட்டினா எழுந்திருன்னு அர்த்தம். அவன் ஒரு தடவை தட்டினா வரேன்னு அர்த்தம்."

அப்பா அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "தப்பு தப்புதான். நீ பிரிப்பா" என்றார்.

டெஸ்டர் பிரிக்கவில்லை. பெட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்பா, இது கைதவறிப் போட்டது இல்லீங்க."

"என்னது?"

"முதல்ல தப்பாத்தான் போட்டிருக்கான். அப்புறம் வெட்டி ஒழுங்கா மாத்தியிருக்கான். அந்த ஜாயின்ட்டையும் வெட்டிட்டு மறுபடி பழைய மாதிரியே போட்டிருக்கான். டேப்பு மேல பேரு வேற எழுதியிருக்கான், பாருங்க."

அம்மா கிச்சன் வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி சரி பண்ணான்" என்றாள். "நீங்க நைட் வேலைக்குப் போன அன்னிக்கு. மறுநாள் காலைல பழக்கத்துல ரெண்டு தடவை தட்டினேன். என் தலைக்கு மேலயே எரிஞ்சுது. வேற வழியில்லாம மாடி ஏறிப் போய் எழுப்பினேன். நான் மூச்சு வாங்குறதைப் பார்த்துட்டு, நீங்க வீடு வந்து சேர்றதுக்குள்ள திரும்ப மாத்திட்டான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. ரெண்டு வருஷமா திட்டிக்கிட்டே இருந்தேனே!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'விடும்மா, அப்பாவுக்குத் திட்டறதுக்கு வீட்டுல ஒரு தப்பாவது வேணாமா'ன்னு சிரிப்பான்."

அப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். டெஸ்டர் ஸ்டூலிலிருந்து இறங்கி வழிவிட்டான். அவர் ஏறி, பெட்டிக்குள் முகத்தைக் கொண்டுபோய், ப்ரூஃப் பார்ப்பதுபோல எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒரு டேப்பில் 'அம்மா'. இன்னொன்றில் 'நான்'. பேனா மை லேசாகக் கலைந்திருந்தது. அவர் வெகுநேரம் இறங்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"பிரிக்கட்டுங்களா?" என்றான் டெஸ்டர் மெதுவாக.

"அப்படியே" என்றார் அப்பா.

அவனுக்குப் புரியவில்லை. அக்காவைப் பார்த்தான். "மூடிடுங்க" என்றாள் அவள்.

டெஸ்டர் மூடியை முடுக்கிவிட்டுக் கிளம்பிப் போனான். வீடு வெறிச்சென்றிருந்தது. வெளியே வெளிச்சம் மங்கியது. அக்கா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது கிச்சனில் ஸ்விட்ச் தட்டும் சத்தம் கேட்டது. மாடிப்படியில் வெளிச்சம் வந்து போனது. மறுபடி வந்து போனது.

அவள் கிச்சனுக்கு ஓடினாள். அம்மா இருட்டில் ஸ்விட்ச் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றிருந்தாள்.

"பழக்கம்" என்றாள் அம்மா.

அக்கா அப்பாவைக் கூப்பிடலாம் என்று திரும்பினாள். ஹாலில் அவர் இல்லை. மாடிப்படியில் யாரோ ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறும் சத்தம் கேட்டது. பிறகு மேலே நடக்கும் சத்தம் கேட்டு, அதுவும் நின்றது.

கிச்சன் டியூப்லைட் விட்டுவிட்டு மின்னி, எரிந்து நின்றது.

அம்மா அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் மேலே பார்த்தபடி நின்றாள். பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"வராரு" என்றாள். "டம்ளரை எடு."